பயிற்சிக் கணக்கு: வினாவின் குற்றமும் விடையின் குற்றமும்

கணித நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் விதிகளையும் நிறுவல்களையுமே ஆராய்வர். அவற்றின் கீழ் வரிசையாக நிற்கும் பயிற்சிக் கணக்குகளை எடுத்து ஆராய்வோர் மிகச் சிலர். மாணாக்கரோ விதியைப் படிப்பதிற் செலவிடும் நேரத்தினும் பன்மடங்கு நேரத்தை அப்பயிற்சிகளிலேயே செலவிடுகின்றனர். இரவில் வீட்டில் விளக்கருகே தனித்திருந்து செய்யும் கணக்கு எத்தகையதோ, கணிதமும் அத்தகையதென்றே அவர் உள்ளத்திற் பதிகின்றது. ஆதலின், செய்யுளுக்கும் நாடகத்துக்கும் உள்ளது போலப் பயிற்சிக் கணக்குக்கும் திறனாய்வு வேண்டும். அத்திறனாய்வு, 'விடை சரியா' என்று வினவுவதோடு நில்லாது, 'வினா சரியா' என்றும் வினவுதல் வேண்டும்.

கேத்திரகணிதத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். பாஸ்கராசாரியர் 1150 ஆம் ஆண்டில் நிறைவுசெய்த சித்தாந்த சிரோமணியின் பகுதியாகிய லீலாவதியில், காற்றினால் முறிந்த மூங்கிலொன்று வருகின்றது. 32 முழ உயரமுள்ள அம்மூங்கில் ஓரிடத்தில் முறிந்து, அதன் நுனி அடியிலிருந்து 16 முழத் தொலைவில் நிலத்தைத் தொட்டது. முறிந்தது எவ்வளவு உயரத்தில் என்பது வினா. நிற்கும் பகுதியும் சாய்ந்த பகுதியும் சேர்ந்து 32 முழம். சாய்ந்த பகுதியின் வர்க்கத்திலிருந்து நிற்கும் பகுதியின் வர்க்கத்தைக் கழித்தால் 16 இன் வர்க்கமாகிய 256 வரும். இவ்வர்க்க வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையாகிய 32 ஆல் வகுத்தால், இரு பகுதிகளின் வித்தியாசம் 8 எனக் கிடைக்கின்றது. எனவே நிற்பது 12 முழம். சாய்ந்தது 20 முழம். அந்நூலிலேயே 9 முழத் தூணின் மேலிருந்த மயில், 27 முழத்துக்கு அப்பாலிருந்து தூணடியிலுள்ள தன் வளையை நோக்கி வரும் பாம்பைப் பாய்ந்து பற்றுகின்றது. இரண்டும் கடந்த தூரம் சமமெனின், வளைக்கு 12 முழத்தில் அவை எதிர்ப்பட்டன. தூண் 9, தரை 12, மயிலின் பாய்ச்சல் 15.

இரு கணக்குகளும் அழகியவை. ஆயினும் இரண்டிலும் மறைந்திருப்பது ஒரே முக்கோணி. 12, 16, 20 என்பதும் 9, 12, 15 என்பதும் 3, 4, 5 என்பதன் மடங்குகளே. விடை முழுவெண்ணாக வருதல் வேண்டுமென்று கருதும் ஆசிரியர் எவரும் இம்முக்கோணியின் வாயிலிலேயே வந்து நிற்பர். சிறிது துணிந்தவர் 5, 12, 13 வரை செல்வர். இன்றைய பாடநூல்களிலும் இவ்விரண்டுமே மீண்டும் மீண்டும் வருகின்றன. இதனால் விளையும் கேடு யாதென்பதைத் தமிழில் வழங்கும் ஒரு செய்யுள் விதி நன்கு புலப்படுத்தும்.

செங்கோண முக்கோணியின் கர்ணத்தை வர்க்கமூலம் எடாமலே காண்பதற்கு அவ்விதி வழி கூறுகின்றது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக. எஞ்சியதனோடு உயரத்திற் பாதியைச் சேர்க்க. வருவது கர்ணம் என்பது அதன் பொருள். மாணாக்கன் ஒருவன் இதனைத் தன் பாடநூற் கணக்குகளில் இட்டுப் பார்க்கின்றான் எனக் கொள்வோம். நீளம் 4, உயரம் 3 எனின், மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5; சரி. மூங்கிற் கணக்கில் 14 உம் 6 உம் சேர்ந்து 20, சரி. மயிற் கணக்கில் பத்தரையும் நாலரையும் சேர்ந்து 15, அதுவும் சரி. நீளம் 12, உயரம் 5 எனின், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, இதுவும் சரியே. நான்கு முறை சோதித்து நான்கு முறையும் சரியெனக் கண்டவன், பைதகரசின் தேற்றத்தை வெல்லும் விதியொன்று தன் முன்னோரிடத்து இருந்ததென்று பெருமிதங் கொள்வானாயின், அவனைக் குறை கூறுதல் எளிதன்று.

உண்மையோ வேறு. அவ்விதி கூறும் நீளத்தையும் கர்ணத்தின் உண்மை நீளத்தையும் சமப்படுத்தி இருபுறமும் வர்க்கித்தால் இருபடிச் சமன்பாடொன்று பெறப்படும். அதற்கு மூலங்கள் இரண்டே உண்டு. நீளமும் உயரமும் 4 க்கு 3 என்ற விகிதத்தில் இருத்தல் ஒன்று. 12 க்கு 5 என்ற விகிதத்தில் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டு வடிவங்களுக்கன்றி உலகிலுள்ள வேறெந்தச் செங்கோண முக்கோணிக்கும் அவ்விதி முற்றும் பொருந்தாது. பாடநூலார் விரும்பி எடுக்கும் இரு முக்கோணிகளும் விதி பொருந்தும் இரு முக்கோணிகளும் ஒன்றாய் அமைந்தமை வியப்புக்குரியது. இங்குப் பிழை விடையில் இல்லை. சோதித்தற்கு எடுத்த வினாக்களிலேயே உள்ளது.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் கணக்கும் லீலாவதியிலேயே இருக்கின்றது. நீர்மட்டத்துக்கு மேல் அரை முழம் உயர்ந்து நின்ற தாமரை, காற்றால் அசைந்து இரண்டு முழத்துக்கு அப்பால் நீருள் மூழ்கியது. நீரின் ஆழத்தோடு அரை முழத்தைக் கூட்டினால் தண்டின் நீளம். தண்டின் வர்க்கத்துக்கும் ஆழத்தின் வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 4. இவற்றிலிருந்து ஆழம் மூன்றேமுக்கால் முழமெனவும் தண்டு நாலேகால் முழமெனவும் பெறப்படும். இங்கே அமைந்திருப்பது 8, 15, 17 என்னும் முக்கோணி. பெரிய பக்கத்தை நீளமாகக் கொண்டு செய்யுள் விதியை இட்டால், தண்டு நாலேகால் முழத்தினும் அரைவீசம் மிகுந்து வருகின்றது. 24 விரற்கடை கொண்டது ஒரு முழமாதலின், பிழை முக்கால் விரற்கடை. தச்சனுக்கு இது பொருட்டன்று. தேற்றத்துக்கோ இது போதும். பக்கங்கள் 40 உம் 9 உம் ஆகுமிடத்து, விதி தருவது முப்பத்தொன்பதரை. கர்ணம் தன் பக்கத்தினும் குறுகியதாய் வருகின்றது! உண்மையான கர்ணம் 41.

இதனால் அச்செய்யுளை இகழ்தலும் தவறு. மேற்கூறிய இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணிகளில் அதன் பிழை நூற்றுக்கு ஒன்றை எட்டுவதில்லை. கூரைச் சாய்வுக்கு மரம் அறுப்போன் ஒருவனுக்கு, மனத்தாற் செய்யத்தக்க இத்துணை எளிய விதி பெரும் பேறு. அண்ணளவு விதியை அண்ணளவு விதியென்றே போற்றுவோர் முன்னோரைச் சரியாக மதிப்பவராவர். அதனைத் தேற்றமென்று மேடையிற் கூறுவோர், தாமரைக் கணக்கொன்றால் அவரை நாணச் செய்பவராவர்.

பாஸ்கராசாரியர் தாமே இத்தகைய கவனமின்மையைப் பொறுத்தவர் அல்லர். நாற்பக்கலொன்றின் நான்கு பக்கங்களை மாத்திரம் கூறிப் பரப்பளவை வினவுவோனை அவர் லீலாவதியிற் பிசாசென்று கடிகின்றார். அவ்வினாவுக்கு விடை கூற முற்படுவோனை அதனினும் இழிந்தவனாக எண்ணுகின்றார். கணித நூலொன்றில் இவ்வளவு சினம் காணப்படுவது அரிது. ஆயினும் சினத்துக்குத் தக்க காரணம் உண்டு. நான்கு பக்கமும் 5 ஆகிய நாற்பக்கல் சதுரமாயின் பரப்பளவு 25. அதனைச் சற்றே சாய்த்து, மூலைவிட்டங்கள் 6 உம் 8 உம் ஆக அமையும் சாய்சதுரமாக்கினால் பரப்பளவு 24. மேலும் சாய்க்கச் சாய்க்கப் பரப்பளவு குறைந்துகொண்டே செல்லும். பிரமகுப்தர் 628 ஆம் ஆண்டிற் கூறிய விதியை இட்டால் ஒவ்வொரு முறையும் 25 என்றே வரும். ஏனெனில் அவ்விதி வட்டத்துள் அமையும் நாற்பக்கலுக்கே உரியது. பக்கங்கள் மாறவில்லை, பரப்பளவு மாறிற்று என்றால், பக்கங்கள் மாத்திரம் பரப்பளவைத் தீர்மானிக்கப் போதா என்பது வெளிப்படை. தரவு போதாத வினாவுக்குத் துணிந்து விடை எழுதி முழுப்புள்ளி பெறும் மாணாக்கனும், அதனை வழங்கும் ஆசிரியரும் இக்கண்டனத்தினின்று தப்புதல் அரிது.

வினாவும் படிகளும் சரியாயிருக்க, வரைந்த உருவம் ஏமாற்றுவதும் உண்டு. எல்லா முக்கோணிகளும் இருசமபக்க முக்கோணிகளே என்று 'நிறுவும்' பழைய புதிரொன்றை றவுஸ் போல் என்பவர் 1892 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிதப் பொழுதுபோக்கு நூலிற் காணலாம். முக்கோணி கசத இல், க என்னும் கோணத்தின் இருகூறாக்கியும் சத என்னும் அடியின் செங்குத்து இருகூறாக்கியும் ம இற் சந்திக்கின்றன. ம இலிருந்து கச இற்கு மப, கத இற்கு மந என்னும் செங்குத்துக்களை வரைக. ஒருங்கிசையும் முக்கோணிகளால் கப, கந என்பன சமம். பச, நத என்பனவும் சமம். கூட்டினால் கச, கத என்பன சமமாகின்றன! ஒருங்கிசைவுப் படிகளில் ஒன்றேனும் தவறன்று. தவறு 'கூட்டினால்' என்ற சொல்லில் உள்ளது. ம உண்மையில் முக்கோணிக்கு வெளியே விழுகின்றது. ஆதலால் ஒரு செங்குத்து பக்கத்தின் மீதும் மற்றையது நீட்டிய பக்கத்தின் மீதும் விழும். கச 8, கத 6 ஆயின், கப உம் கந உம் 7. பச உம் நத உம் 1. ஏழும் ஒன்றும் கூடி எட்டு. ஏழில் ஒன்று கழிய ஆறு. கையாற் பரும்படியாக வரையும் உருவத்தில் ம உள்ளே விழுந்துவிடும். கவராயத்தைக் கொண்டு ஒருமுறை செம்மையாக வரைந்தவன் இப்புதிரில் அகப்படான்.

நிகழ்தகவிலோ பார்ப்பதற்கு உருவமே இல்லை. ஆகவே மயக்கம் இன்னும் எளிதில் நுழையும். மூன்று தாயக்கட்டைகளை உருட்டும்போது 9 வருதலினும் 10 வருதல் சற்று மிகுதியென்று சூதாடுவோர் அனுபவத்திற் கண்டனர். கணக்கிலோ இரண்டும் சமமாகத் தோன்றின. 9 ஐ 126, 135, 144, 225, 234, 333 என ஆறு வகையாகவும், 10 ஐ 136, 145, 226, 235, 244, 334 என ஆறு வகையாகவும் அமைக்கலாம் அன்றோ? பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலிலியோ இதனை விளக்கினார். 126 என்னும் அமைப்பு ஆறு முறையிலும், 144 மூன்று முறையிலும், 333 ஒரே முறையிலும் விழும். இவ்வாறு எண்ணினால் 9 க்கு 25 உம் 10 க்கு 27 உம் ஆகும், மொத்தம் 216. வித்தியாசம் 216 இல் இரண்டே. அத்துணைச் சிறிய வேறுபாட்டையும் ஆடுகளத்திற் கண்டுபிடித்தவர்களின் பொறுமை, அவர்களுடைய ஒழுக்கத்தினும் மெச்சத்தக்கது.

இவ்விளக்கம் தோன்றி நூறாண்டுக்கு மேற் கழிந்த பின்னரும் தாலம்பேர் போன்ற பேரறிஞர் அதே குழியில் வீழ்ந்தார். நாணயமொன்றை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழுதற்கு நிகழ்தகவு யாது? பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் நான்காந் தொகுதியில், 1754 இல், அவர் இதனை ஆராய்ந்தார். முதன்முறையே தலை விழின் ஆட்டம் முடிந்தது; இன்றேல் பூவின்பின் தலை விழலாம்; அல்லது இருமுறையும் பூவே விழலாம். மூன்று நிலைகளில் இரண்டு சாதகம்; எனவே விடை 2/3 என்று அவர் கொண்டார். சரியான விடை 3/4. முதன்முறை தலை விழுந்த நிலை, பின்னர் தலை, பின்னர் பூ என்னும் இரண்டை அடக்கியது. ஏனையவற்றோடு அதனைச் சமமாக வைத்தெண்ணல் ஆகாது.

பாடநூலின் இறுதியில் '3/4' என்று மாத்திரம் அச்சிட்டிருப்பது தாலம்பேரின் பிழையைத் திருத்துமா? 2/3 என்று எழுதியவன் அதனை அடித்துவிட்டு 3/4 என்று எழுதுவான். தன் மூன்று நிலைகளையும் அவ்வாறே வைத்திருப்பான். நான்கு நிலைகளையும் வரிசையாக எழுதும்படி கேட்கும் வினாவும், மூன்று நிலைகளை எழுதியவன் எங்கே தவறினான் என்று கேட்கும் வினாவும் இதனினும் பயன் மிக்கவை. அத்தகைய வினாக்கள் பயிற்சிகளில் அருகியே காணப்படுகின்றன. திருத்துவதற்கு நேரம் மிகுதியாகும் என்பதே காரணமெனின், அது நேர்மையான காரணந்தான். ஆனாற் கணிதக் காரணம் அன்று.

நிலைகளைச் செம்மையாக எண்ணினும் தீராத கணக்குகள் உண்டு. பேர்த்திரான் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1889 ஆம் ஆண்டில் வெளியிட்ட நிகழ்தகவு நூலில் ஒரு வினாவை எழுப்பினார். வட்டமொன்றில் எழுந்தமானமாக நாணொன்று வரையப்படுகின்றது. அவ்வட்டத்துள் அமைந்த சமபக்க முக்கோணியின் பக்கத்தினும் அந்நாண் நீண்டதாயிருத்தற்கு நிகழ்தகவு யாது? நாணின் ஒரு முனையை நிறுத்தி மறுமுனையைப் பரிதியில் எழுந்தமானமாகக் கொண்டால் விடை 1/3. ஆரையொன்றின் மீது எழுந்தமானமாகப் புள்ளியெடுத்து அதற்குச் செங்குத்தாக நாண் வரைந்தால் விடை 1/2. நாணின் நடுப்புள்ளியை வட்டப் பரப்பில் எழுந்தமானமாக எடுத்தால் விடை 1/4. மூன்று வழியும் குற்றமற்றவை. குற்றம் 'எழுந்தமானமாக' என்று கூறி, எதனை எவ்வாறு தெரிந்தெடுத்தல் என்பதைக் கூறாது விட்ட வினாவினுடையது. பாஸ்கராசாரியரின் நாற்பக்கல் வேற்று வடிவில் ஈண்டு மீண்டும் வந்துள்ளது.

இதனை அறிஞருலக விளையாட்டென்று ஒதுக்குதல் இயலாது. இரு பிள்ளைகளுள் ஒருவரேனும் ஆண் என்று தெரிந்தால் இருவரும் ஆணாயிருத்தற்கு நிகழ்தகவு யாது என்ற கணக்கு இன்று பல வகுப்புக்களிற் செய்யப்படுகின்றது. மாட்டின் காட்னர் 1959 ஆம் ஆண்டில் 'சயன்றிபிக் அமெரிக்கன்' இதழில் இதனை வெளியிட்டு 1/3 என விடை கூறினார். பின்னர் வினா ஐயத்துக்கு இடமானதென்று தாமே ஒப்புக்கொண்டார். ஆண்பிள்ளை ஒன்றேனும் உள்ள குடும்பங்களை மாத்திரம் தெரிந்தெடுத்தால் 1/3. யாதேனும் ஒரு குடும்பத்தை எடுத்து, இருவருள் ஒருவரை எழுந்தமானமாகக் கண்டு, அவர் ஆணென அறிந்தால் 1/2. தன் வினாவே குறையுடையதென்று அச்சில் ஒப்புக்கொண்ட காட்னரின் செயல், பாடநூலாசிரியர் பலருக்கு வாய்க்காதது.

புள்ளிவிபரவியற் பயிற்சிகளில் நிலைமை இன்னும் வேறு. அங்கே எண்கள் தாராளமாகத் தரப்படுகின்றன. அவற்றைக் கொண்டு என்ன அறிய வேண்டுமென்பதே மறக்கப்படுகின்றது. 30 மாணாக்கர் உள்ள வகுப்பின் இடை 60, 20 மாணாக்கர் உள்ள வகுப்பின் இடை 70 எனின், இரண்டுஞ் சேர்ந்த இடை 65 அன்று, 64. இவ்வளவிற்கு நல்ல பயிற்சியே. பத்துப்பேருள் ஐவர் 20 உம் ஐவர் 80 உம் பெற்றிருப்பின், இடையும் 50, இடையமும் 50. கணித்தவன் இரண்டையும் எழுதிக் கோடிட்டு மூடிவிடுகின்றான். அவ்வகுப்பில் ஐம்பதுக்கு அண்மையில் ஒருவர்தானும் இல்லை என்பதை அவனிடத்து எவரும் கேட்பதில்லை.

அன்ஸ்கம் என்னும் புள்ளிவிபரவியலறிஞர் 1973 ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் ஸ்ரற்றிஸ்ரிசியன்' இதழில் வெளியிட்ட நான்கு அட்டவணைகள் இக்குறைக்காகவே சமைக்கப்பட்டவை போலும். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் முதற் கணியத்தின் இடை 9. இரண்டாவதன் இடை 7.5. பொருத்தும் நேர்கோடு நான்குக்கும் ஒன்றே: முதற் கணியத்திற் பாதியோடு 3 ஐக் கூட்டினால் இரண்டாவது. இணைபுக் குணகமும் நான்குக்கும் ஏறத்தாழ 0.816. பயிற்சிப் புத்தகத்தில் நான்கு கணக்குகளாகக் கொடுத்தால் நான்குக்கும் ஒரே விடை எழுதப்பட்டு நான்கும் சரியெனத் திருத்தப்படும். வரைபுத்தாளிற் குறித்தாலோ நான்கும் நான்கு உலகங்கள். முதலாவதிற் புள்ளிகள் கோட்டைச் சூழ்ந்து சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் அவை வளைகோடொன்றில் ஒழுங்காக நிற்கின்றன; நேர்கோட்டுக்கு அங்கு வேலையே இல்லை. மூன்றாவதிற் பத்துப் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் நிற்க, தனித்து விலகிய ஒன்று பொருத்திய கோட்டைத் தன்பக்கம் இழுத்துவிடுகின்றது.

நான்காவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதில் முதற் கணியம் பத்து இடங்களில் 8; ஓரிடத்தில் மாத்திரம் 19. அந்த ஒரு புள்ளியை அகற்றினால் எஞ்சிய பத்தும் ஒன்றன்மேலொன்றாக ஒரே நிலைக்குத்துக் கோட்டில் நிற்கும். முதற் கணியத்தைக் கொண்டு இரண்டாவதை மதிப்பிடும் கோடு எதனையும் வரைதல் இயலாது. பதினொரு எண்களிலிருந்து கிடைத்ததாக விடைப்பட்டியலில் நிற்கும் சாய்வு, உண்மையில் அந்த 19 என்னும் ஒற்றை எண்ணிலிருந்து வந்தது. அவ்வெண் எழுதியவர் கைப்பிழையால் நுழைந்ததோ, உண்மையாகவே அளந்து பெற்றதோ என்பதை அட்டவணையைத் தந்தவரிடத்துச் சென்றே கேட்டறிதல் வேண்டும்.